பிறப்பைச் சாவோடு சேர்த்த தீர்ப்பு

'சட்டத்துல இருந்துச்சு, செஞ்சோம்' - நீதிபதி இப்படிச் சொல்லிவிட்டால் அவர் கை சுத்தமாகிவிடுமா?

ஜெர்மனியின் பழைய உச்ச நீதிமன்றமான ரைஷ்கெரிஷ்ட், 1879இல் லைப்சிக் நகரில் தொடங்கியது. அதன் முதல் தலைவர் எடுவார்ட் ஃபான் சிம்சன். யூதப் பெற்றோருக்குப் பிறந்து சிறுவயதில் கிறித்தவரானவர். 1933இல் ஹிட்லர் வந்ததும் யூத நீதிபதிகள் விரட்டப்பட்டார்கள். கூட உட்கார்ந்து தீர்ப்பெழுதியவர்கள் நாற்காலியிலேயே இருந்தார்கள். 1935இன் இனச் சட்டப்படி பார்த்தால் செத்துப்போன சிம்சனும் யூதர்தான். மதம் மாறியும் பிறப்பு விடவில்லை.

1936 ஜூனில் ஊஃபா படக் கம்பெனி வழக்கு. இயக்குநர் எரிக் சாரெல் நோய், சாவு அல்லது அதுபோன்ற காரணத்தால் படம் எடுக்க முடியாமல் போனால் விலகிக்கொள்ளலாம் என்பது ஒப்பந்தம். சாரெல் நல்லாத்தான் இருந்தார். ஆனால் யூதர். 'அதுபோன்ற காரணம்' என்பதற்குள் அவர் பிறப்பைக் கொண்டுபோய் வைத்தது நீதிமன்றம். உயிரோட இருக்கிற மனுஷனைச் செத்தவன் கணக்குல எழுதியாச்சு.

அதே ஆண்டு டிசம்பரில் இன்னொன்று. யூதருக்கும் 'ஜெர்மன் இரத்தம்' உள்ளவருக்கும் மணத்துக்கு வெளியே உடலுறவு கூடாது என்றது சட்டம். புணர்ச்சி மட்டுமல்ல, அதற்கு ஈடான எந்தப் பாலியல் செயலும் குற்றமே என்று விரித்தது நீதிமன்றம். இல்லாட்டி நிரூபிக்கிறது கஷ்டமாம்!

இவ்வளவு தூரம் போகச் சொல்லிச் சட்டத்தில் எங்கே எழுதியிருக்கிறது? இரண்டு இடத்திலும் குறுக்கி வாசிக்க வழி இருந்தது. 'முடியாது' என்று சொல்லவும் அவர்களுக்குத் தெரியும். நாடாளுமன்றத் தீவைப்பு வழக்கில் டிமிட்ரோவ் உட்பட நான்கு கம்யூனிஸ்டுகளை 1933 டிசம்பரில் விடுவித்ததும் இதே நீதிமன்றம்தான். அதே தீர்ப்பில், தீ வைத்த பிறகு போட்ட சட்டத்தைக் காட்டி வான் டெர் லுப்பெவுக்கு மரண தண்டனையும் கொடுத்தது.

1945இல் நீதிமன்றம் முடிந்தது. அதன் நீதிபதிகளும் அரசு வழக்கறிஞர்களுமாக 34 பேர் சோவியத் முகாம்களில் செத்தார்கள். அவர்கள் நினைவாக, பின்னால் வந்த கார்ல்ஸ்ரூகே நீதிமன்றத்தில் 1957இல் பலகை வைத்தார்கள். விசாரிக்காமல் அடைத்துச் சாகவிட்டது அநியாயம்தான். ஆனால் அவர்கள் தீர்ப்பால் அழிந்தவர்களுக்கு அன்று பலகை இல்லை.

சட்டம் வாய் திறக்காத இடத்தில் பேசுவது நீதிபதியின் மனசு. அந்த மனசில் யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்பதைத்தான் நாம் தீர்ப்பில் தேட வேண்டும்.