கொடுக்கப்படாத இடம்

பஞ்சசீலத்தின் இரண்டாவது சீலத்தைக் "களவு செய்யாமை" என்று சுருங்கச் சொல்லிவிடுகிறோம். பாலி மொழியில் அது அதின்னாதானத்தினின்றும் விலகுதல். அதாவது, கொடுக்கப்படாததை எடுத்துக்கொள்ளாமை. களவென்றால் பூட்டை உடைப்பதே நம் நினைவுக்கு வரும். பகவன் வகுத்த சொல்லோ அதனினும் அகன்றது. பிறனுக்கென ஒதுக்கிய வெற்றிடத்தைக் கவர்வதும் அதனுள் அடங்கும்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில், நடக்க இயலாதோரும், இருதய நோயாலும் சுவாச நோயாலும் சிறிது தூரம் செல்லவும் வருந்துவோரும் தம் மோட்டார் வண்டியை வாயிலுக்கருகே நிறுத்துவதற்கென ஓர் அனுமதி அட்டை பெறுகின்றனர். அட்டையுடையோர் கட்டணமானி உள்ள தெருக்களிலும் கட்டணமின்றி நிறுத்தலாம். கருணையிற் பிறந்த இச்சலுகை அவாவுக்கு இரையாயிற்று. 2017ஆம் ஆண்டில் அம்மாநிலத் தணிக்கையாளர் வெளியிட்ட அறிக்கையைக் கேளுங்கள். 2016 ஜூன் மாதத்தில் அட்டையுடையோர் பட்டியலில் நூறு வயதும் அதற்கு மேலும் ஆனவர் ஏறத்தாழ 26,000 பேர். மாநிலம் முழுவதிலும் வாழ்ந்த நூறு வயதினரோ, 2014ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, சுமார் 8,000 பேரே! இறந்தோர் பெயரால் அட்டைகள் உயிருடன் இருக்கின்றன. அவற்றுட் பல பெட்டிகளில் உறங்கிக்கிடக்கலாம். பிறர் கையிற் சிக்கியவையோ, பாட்டனாரின் தளர்ச்சியைப் பேரன் விலையாக்கும் கருவிகளாகின்றன.

களவு நிறைவுறுவதற்கு ஐந்து அங்கங்கள் வேண்டுமென நம் உரையாசிரியர்கள் கூறுவர். பொருள் பிறனுடையதாதல், அதனை அறிதல், கவர எண்ணுதல், முயலுதல், எடுத்தல் என்பன அவை. தரையில் சக்கர நாற்காலியின் உருவம் தீட்டப்பட்டுள்ளது, இடம் பிறனுடையது. அவன் அதனைக் காண்கிறான். "பத்து நிமிடந்தானே" என எண்ணுகிறான். பாட்டனார் அட்டையை எடுத்து மாட்டுகிறான். வண்டியை நிறுத்துகிறான். ஐந்தும் நிறைந்தன அல்லவா?

"இடம் வெறுமையாகத்தானே இருந்தது, யாருக்கு என்ன நஷ்டம்?" என்பான். அன்பர்களே, அவ்விடம் அகலமாக அமைக்கப்பட்டதேன்? வண்டிக் கதவை முழுதும் திறந்து, அருகே சக்கர நாற்காலியை நிறுத்தி இறங்கவேண்டுமென்றே. சற்றுப் பின்னர் வரும் நோயாளி இடமின்றிச் சுற்றுகிறார்; குறுகிய இடத்தில் இறங்க இயலாது; வைத்தியரைக் காணாமலே வீடு திரும்புகிறார். கவர்ந்தவன் அவர் முகத்தைக் காண்பதேயில்லை. அதனாற்றான் இக்களவு அவன் நெஞ்சைச் சுடுவதில்லை.

நான்காம் சீலமும் உடன் முறிகிறது. வாய் திறவாமலே அவ்வட்டை பொய் பேசுகிறது. பகவன் தம் மைந்தன் இராகுலனுக்கு முதலிற் போதித்தது யாது? அறிந்து பொய் கூற நாணாதவன் செய்யத் துணியாத தீமை இல்லை என்பதும், கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல ஒவ்வொரு செயலையும் முன்னும் நடுவும் பின்னும் நோக்கவேண்டும் என்பதுமே.

இது கடல் கடந்த நாட்டின் குற்றம் மட்டுமன்று. நம் பாரத நாட்டிலும், 2016ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தின் 91ஆம் பிரிவு, அவர்களுக்குரிய சலுகையை வஞ்சகமாய்ப் பெறுவோருக்கு இரண்டாண்டு வரை சிறை, அல்லது ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கிறது. சட்டம் கண்டவனைத் தண்டிக்கும். கன்மமோ காணப்படாதவனையும் விடாது.

இன்னுமொன்று. அட்டையுடன் இறங்கி நடப்பவரைக் கண்டவுடன் "இவர் வஞ்சகர்" என்று தூற்றாதீர்கள். இருதயத்தின் நோவு கண்ணுக்குத் தெரியாது. பிறரை ஆராயும் கண்ணைத் தன்னிடம் திருப்புவதே தம்மம்.

இல்லத்தில் ஒருவர் காலமானால், அவருடைய அட்டையையும் சான்றையும் உரிய அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவர் பெயரால் செய்யும் தானம் புண்ணியம். அவர் பெயரால் பெறும் சலுகை களவு. சீலங்காத்தலை மகாதானம் என்றார் ததாகதர். அது பிற உயிர்களுக்கு அச்சமின்மையை அளிப்பதால். முகமறியா ஒருவர் அச்சமின்றி வந்து இறங்குமாறு அவ்விடத்தை விட்டு அப்பாற் செல்லுங்கள். உங்கள் கால்கள் நடக்கும்.