மான்குட்டியும் மமகாரமும்

ஸ்ரீமத் பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தத்தில் பரத மஹாராஜனின் சரித்திரம் கூறப்படுகிறது. அரசைத் துறந்து, சாளக்கிராமங்கள் தோன்றும் கண்டகி நதிக்கரையில் எம்பெருமானை ஆராதித்து வந்த அம்மன்னன், சிங்கத்தின் கர்ஜனைக்கு அஞ்சி ஆற்றைத் தாண்டப் பாய்ந்த ஒரு பெண்மானைக் கண்டான். பாய்ந்த வேகத்தில் கருவிலிருந்த குட்டி வெள்ளத்தில் விழுந்தது. தாயோ உயிர் துறந்தது. பரதன் இரக்கமுற்றுக் குட்டியை எடுத்து வளர்த்தான். நாளடைவில் பூஜையும் நியமங்களும் நழுவின. அந்திமகாலத்திலும் அதன் நினைவே நெஞ்சில் நின்றமையால் அவன் மறுபிறவியில் மானாகவே பிறந்தான்.

இதைக் கேட்போர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழும். வெள்ளத்தில் விழுந்த உயிரைக் காத்தது குற்றமாகுமா? ஜீவகாருண்யமே பந்தத்திற்குக் காரணமாயின், தர்மம் எங்கே நிற்கும்?

குட்டியைத் தூக்கிய கைகளில் குற்றமில்லை. 'இது என்னுடையது' என்று பற்றிய நெஞ்சிலேயே குற்றம் புகுந்தது. ஜீவர்கள் யாவரும் எம்பெருமானுக்கே சேஷபூதர்கள் என்பது நம் சித்தாந்தம். பிறர் பொருளைத் தனதென்று கொள்வது களவு எனில், அவனுடைய உயிர்களைத் தனதென்று கொள்வது எத்தகையது?

இவ்விசாரம் நகரத்தில் வாழ்வோர்க்கும் உரியது. சென்னையின் நடுவே, 1978ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கிண்டிக் காட்டில் புள்ளிமான்கள் வாழ்கின்றன. அதைச் சூழ்ந்த வளாகங்களிலும் அவை உலவுவதுண்டு. புதரடியில் தனித்துக் கிடக்கும் குட்டியைக் காண்போர், அநாதையென்றெண்ணி அதை வீட்டிற்கு எடுத்துச் செல்ல முற்படலாம். ஆனால் தாய்மான் தன் இளங்குட்டியைப் புதரில் மறைத்துவிட்டு மேயச் செல்வது அதன் இயல்பு. பால் கொடுக்க அது திரும்பி வரும். அவ்விடத்தில் குட்டியை எடுப்பது காப்பதாகாது; தாயினின்று பிரிப்பதேயாகும்.

மரத்திலிருந்து விழுந்த அணிற்பிள்ளையையும் தாய் வாயில் கவ்விக் கூட்டிற்கு எடுத்துச் செல்லும். மனிதர் விலகி நிற்றல் வேண்டும். இறகு முளைத்துத் தரையில் தத்தும் குஞ்சு பறக்கப் பழகுகிறது. இறகு முளையாத குஞ்சைக் கூட்டில் வைத்துவிடலாம். மனிதர் தொட்ட குஞ்சைத் தாய் ஏற்காது என்னும் எண்ணம் பெரும்பாலும் பிழையே.

'கண்டும் விலகி நிற்பது கல்நெஞ்சமன்றோ?' எனில், அன்று. தாய் வரும்வரை நாயும் காக்கையும் அணுகாதபடி தொலைவில் காவல் நிற்பதும் கைங்கர்யமே. அள்ளியெடுத்து மகிழும் ஆசையை அடக்குவது எடுப்பதினும் அரிது.

தாய் இறந்ததும், குட்டி காயமுற்றதும் கண்கூடாயின், பரதனைப்போல் கை கொடுத்தே தீரவேண்டும். காற்றுப் புகும் பெட்டியில் துணி விரித்து, இருளும் இளஞ்சூடும் அமைதியும் உள்ள இடத்தில் வைத்து, வனத்துறையினரிடம் விரைந்து ஒப்படைத்தல் முறை. பசும்பால் புகட்டுதல் வயிற்றுப்போக்கை உண்டாக்கி உயிருக்கே ஊறு செய்யக்கூடும். புள்ளிமான், மயில் முதலியவற்றை வீட்டில் வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தடுக்கிறது. மனிதரிடம் பழகிய குட்டி அச்சம் மறக்கும். அச்சம் மறந்த மான் காட்டில் பிழைப்பது அரிது.

சரணாகதியின் தன்மையை விளக்கப் பூர்வாசாரியர்கள் எடுத்துக்காட்டியவை, தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியும், தாயால் கவ்வப்படும் பூனைக்குட்டியுமே. இரண்டிலும் ரக்ஷிப்பவள் தாய். அத்தாய்க்கும் சேய்க்கும் ரக்ஷகன் திருமாலே. இடையில் வரும் மனிதன் ஒரு கருவி மாத்திரமே. ஆகவே, அடைக்கலமாக வந்த பொருளைப் பழுதின்றிக் காத்து உரியவரிடம் சேர்ப்பதுபோல், கையில் வந்த குட்டியைத் தாயிடமோ காட்டிடமோ சேர்ப்பதே அடியார்க்கு அழகு. கருணை பெருகி, 'எனது' என்னும் எண்ணம் தேய, எம்பெருமான் திருவருள் புரிவானாக.