ஊர்ப் பணத்தில் படித்த பிள்ளைகள்

வரிப்பணத்தில் சாலை போடலாம், சாக்கடை வெட்டலாம், ஆரம்பப் பள்ளி நடத்தலாம். அதே பணத்தில் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரிப் படிப்பும் தரலாமா? 1847-ல் நியூயார்க் நகரம் இந்தக் கேள்வியைத் தன் வாக்காளர்களிடமே கேட்டது. கேட்க வைத்தவர் டவுன்செண்ட் ஹாரிஸ். பீங்கான் பாத்திர வியாபாரி. சிறு வயதிலேயே பள்ளியை விட்டுக் கடை வேலைக்கு வந்தவர். தனக்குக் கிடைக்காத படிப்பை, நகரக் கல்வி வாரியத்தின் தலைவரானதும், முகம் தெரியாத பிள்ளைகளுக்காகக் கேட்டார். பணக்காரர் பிள்ளையும் ஏழை பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காரட்டும், உழைப்பையும் ஒழுக்கத்தையும் அறிவையும் தவிர அங்கே வேறு எந்த வித்தியாசமும் வேண்டாம் என்பது அவர் வாதம். எழுதப் படிக்கத் தெரிந்தால் போதாதா, ஏழைக்குக் கல்லூரி எதற்கு என்று எதிர்த்தவர்களும் இருந்தார்கள். வாக்குகளை எண்ணியபோது, எதிர்த்து விழுந்ததைப் போல ஐந்து மடங்குக்கும் அதிகமாக ஆதரவு வாக்குகள் இருந்தன.

1849 ஜனவரியில் லெக்சிங்டன் அவென்யூவும் 23-ஆவது தெருவும் சேரும் மூலையில் ‘ஃப்ரீ அகாடமி’ திறந்தது. பின்னாளில் அதுவே சிட்டி காலேஜ் ஆனது. திறப்பு விழாவில் முதல் தலைவர் ஹோரஸ் வெப்ஸ்டர் பேசியதன் சாரம் இது: இங்கே ஒரு சோதனை நடக்கப்போகிறது, மக்கள் எல்லோருடைய பிள்ளைகளுக்கும் உயர்கல்வி தர முடியுமா, மிக உயர்ந்த தரமுள்ள ஒரு கல்விக்கூடத்தை ஒரு சிலரின் விருப்பப்படி அல்லாமல் மக்களின் விருப்பப்படி நடத்த முடியுமா என்று பார்க்கப்போகிறோம்.

‘மக்கள் எல்லோருடைய பிள்ளைகள்’ என்று சொன்ன அந்த நாளில் வகுப்பில் பெண் ஒருத்திகூட இல்லை. பெண்களுக்கென்று, ஆசிரியப் பயிற்சிக்காக, 1870-ல் தனியாக ஒரு கல்லூரி வந்தது. அதை உருவாக்கிய தாமஸ் ஹண்டரின் பெயரைத் தாங்கி அது இன்று ஹண்டர் கல்லூரி. சிட்டி காலேஜின் கலை, அறிவியல் வகுப்புகளில் பெண்கள் சேர 1951 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தக் கல்லூரியின் வரலாறு என்று எழுதப்படுவதில் கட்டடங்களும் தலைவர்களும் நிறைய வருகிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறொன்று: ‘எல்லோரும்’ என்று சொல்லிவிட்டு யாரையெல்லாம் கணக்கில் சேர்த்தார்கள், எப்போது சேர்த்தார்கள், சேர்த்த பிறகு என்ன செய்தார்கள் என்பது.

1907-ல் கல்லூரி ஹார்லெம் என்ற பகுதியை ஒட்டிய மேட்டுக்குக் குடிபெயர்ந்தது. ஜார்ஜ் போஸ்ட் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த ஷெப்பர்ட் ஹால் அங்கே இன்றும் நிற்கிறது. மன்ஹாட்டன் தீவின் அடியில் கிடக்கும் அதே கரும்பாறையால் எழுப்பிய சுவர்கள். விளிம்புகளில் வெள்ளைச் சுடுமண் வேலைப்பாடு. அண்ணாந்து பார்த்தால் அந்த வேலைப்பாட்டுக்குள் சின்னச் சின்ன உருவங்கள் குந்தியிருக்கும். ஒன்றின் கையில் புத்தகம், இன்னொன்றின் கையில் தொழிற்கருவி. பணக்காரத் தனியார் பல்கலைக்கழகங்கள் தங்களுக்குக் கட்டிக்கொண்ட அதே கோதிக் பாணியில் இலவசக் கல்லூரிக்கும் கட்டினார்கள். சும்மா வரும் பிள்ளைகள்தானே, நாலு சுவரும் ஒரு கூரையும் போதும் என்று அந்த நகரம் நினைக்கவில்லை. ஓசியில் தருவது ஒழுங்காக இருக்கத் தேவையில்லை என்ற எண்ணம் எல்லா நாட்டு அரசு அலுவலகங்களிலும் உண்டு. அதனால்தான் இந்தக் கட்டடத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை.

அந்த மேட்டுக்கு ஏறி வந்தவர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். தையல் கடையிலும் தொழிற்கூடங்களிலும் வேலை செய்த பெற்றோர். இட்டிஷ் பேசும் வீடுகள். 1920-களில் ஹார்வர்டும் கொலம்பியாவும் யூத மாணவர் எண்ணிக்கைக்கு மறைமுகமாக வரம்பு வைத்தன. சிட்டி காலேஜோ மதிப்பெண்ணை மட்டும் பார்த்தது. 1930-களில் அதன் சாப்பாட்டுக் கூடத்தில் சுவரை ஒட்டிய தடுப்புகளுக்கு எண் உண்டு. முதல் தடுப்பில் ஸ்டாலினை எதிர்த்த இடதுசாரிகள், இரண்டாவதில் கம்யூனிஸ்டுகள். வீட்டிலிருந்து கட்டிவந்த சாப்பாட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு நாள் முழுதும் வாதாடிய முதல் தடுப்புக்காரர்களில் இர்விங் ஹோவும் டேனியல் பெல்லும் நேதன் கிளேஸரும் இர்விங் கிறிஸ்டலும் உண்டு. அமெரிக்காவின் சமூகச் சிந்தனையைப் பின்னாளில் பாதித்தவர்கள். இதே கல்லூரியில் 1934-ல் பட்டம் பெற்ற ஜோனாஸ் சால்க் கண்டுபிடித்த போலியோ தடுப்பூசி 1955-ல் வெற்றி என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை.

சால்க்கை எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்ல விரும்புவது கெர்ட்ரூட் எலியனை. அவர் தந்தை பல் மருத்துவர். 1929 பங்குச்சந்தை வீழ்ச்சியில் குடும்பச் சொத்து போய்விட்டது. 1933-ல், 15 வயதில், கட்டணம் இல்லாத ஹண்டர் கல்லூரியில் சேர்ந்தார் எலியன். சேருவதற்குச் சற்றுமுன் தாத்தா வயிற்றுப் புற்றுநோயில் துடித்து இறந்ததைப் பார்த்திருந்தார். அதனால் வேதியியலை எடுத்தார். 1937-ல் பட்டம். பிறகு பெண் என்பதற்காகவே பல ஆய்வுக்கூடங்கள் அவருக்குக் கையை விரித்தன. முனைவர் பட்டத்தையும் முடிக்க முடியவில்லை. இத்தனைக்கும் பிறகு, 1950-களின் தொடக்கத்தில், அவரும் ஜார்ஜ் ஹிச்சிங்ஸும் உருவாக்கிய மெர்காப்டோபியூரின் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு மருந்தானது. அசதியோப்ரின் என்ற இன்னொரு மருந்து, மாற்றிவைத்த சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமல் காத்தது. 1988-ல் நோபல் பரிசு வந்தது. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குத் தரப்பட்ட மருந்துத் தொகுப்பிலும் மெர்காப்டோபியூரின் உண்டு. 1933-ல், தெருவுக்குத் தெரு ரொட்டிக்கு வரிசை நின்ற காலத்தில், வரி கட்டிய நியூயார்க் மளிகைக்காரர் தன் காசு எங்கே போகிறது என்று கேட்டிருந்தால் யாராலும் பதில் சொல்லியிருக்க முடியாது. பொதுக் கல்விக்குச் செலவிடும் பணத்தின் இயல்பே அதுதான். பலன் தெரிவதற்குள் பணம் கொடுத்தவர்கள் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். பலன் எந்தக் கண்டத்தில் யாருக்குக் கிடைக்கும் என்பதும் தெரியாது.

அந்தப் பெருமந்தக் காலத்தில் நகரம் கல்லூரிகளை மூடவில்லை. 1930-ல் புரூக்ளின் கல்லூரியைத் தொடங்கியது. 1937-ல் குவீன்ஸ் கல்லூரியைத் தொடங்கியது. மத்திய அரசின் நிதியும் கை கொடுத்தது. புரூக்ளின் கல்லூரிக் கட்டடம் ஒன்றுக்கு 1936-ல் அதிபர் ரூஸ்வெல்ட்டே வந்து அடிக்கல் நாட்டினார். அரை வயிற்றோடு இருந்த ஊர் இரண்டு புதிய கல்லூரிகளை இலவசமாக நடத்தத் துணிந்ததை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1961-ல் இந்தக் கல்லூரிகளையெல்லாம் சேர்த்து நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் அமைந்தது. அந்த ஊர்க்காரர்கள் சுருக்கமாக க்யூனி என்பார்கள். அதற்குள் ஹார்லெம் கறுப்பர்களின் ஊராகிப் பல காலம் ஆகியிருந்தது. மேட்டின் மேல் கல்லூரி, கீழே ஹார்லெம். ஆனால் கீழேயிருந்து மேலே ஏறியவர்கள் வெகு சிலர். சேருவதற்கு வேண்டிய மதிப்பெண் வருடத்துக்கு வருடம் ஏறியது, கறுப்பினப் பிள்ளைகள் படித்த பள்ளிகளோ இறங்கிக்கொண்டிருந்தன. கட்டணம் இல்லை என்றாலும் கதவு இருந்தது. 1969 ஏப்ரலில் கறுப்பின, புவெர்ட்டோ ரிக்கோ மாணவர்கள் சிட்டி காலேஜின் தெற்கு வளாக வாயிலைப் பூட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்தார்கள். நகரப் பள்ளிகளில் எந்தெந்த இனத்துப் பிள்ளைகள் எந்த அளவில் படிக்கிறார்களோ அதே அளவு முதலாண்டு வகுப்பிலும் தெரிய வேண்டும் என்பது அவர்களின் ஐந்து கோரிக்கைகளில் ஒன்று. இரண்டு வாரம் கல்லூரி மூடிக் கிடந்தது, தலைவர் பதவி விலகினார். அடுத்த ஆண்டே, 1970-ல், நகரத்தில் உயர்நிலைப் பள்ளி முடித்த எவருக்கும் க்யூனியில் இடம் உண்டு என்ற ஏற்பாடு வந்தது. கறுப்பர்களுக்காக வந்ததாகப் பலர் நினைக்கும் அந்த ஏற்பாட்டில் எண்ணிக்கையில் அதிகம் பயனடைந்தவர்கள் வெள்ளைத் தொழிலாளிகளின் பிள்ளைகள். இத்தாலிய, ஐரிஷ் வீடுகளிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள்.

வந்தவர்களில் பலருக்குப் பிழையில்லாமல் ஒரு பத்தி எழுத வரவில்லை. தரம் போச்சு என்று பத்திரிகைகள் புலம்பின. சிட்டி காலேஜில் அடிப்படை எழுத்துப் பயிற்சியை நடத்திய மைனா ஷாக்னஸி அந்தப் புலம்பலில் சேரவில்லை. மாணவர்கள் சேரும்போது எழுதிய ஏறத்தாழ 4,000 கட்டுரைத் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிழையாகப் பார்த்தார். ஒருவன் ஏன் இந்த இடத்தில் இப்படித் தவறினான், எந்த விதியைத் தானாக ஊகித்து எழுதினான் என்று தேடினார். பிழைகளுக்குள் ஒரு தர்க்கம் இருப்பது தெரிந்தது. இவர்கள் மந்தமானவர்கள் அல்லர், தொடக்க நிலையில் இருப்பவர்கள். எல்லாத் தொடக்கக்காரர்களையும் போலத் தவறிக் கற்கிறார்கள் என்று 1977-ல் புத்தகமாக எழுதினார். ஆட்ரி லார்ட், ஏட்ரியன் ரிச் போன்ற பெருங்கவிஞர்கள் அதே கல்லூரியில் அந்த மாணவர்களுக்கு வாக்கியம் அமைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்து முடித்திருக்கக்கூடிய தாள்களை இப்படி உட்கார்ந்து படித்ததை, ஷெப்பர்ட் ஹால் சுவரைவிடப் பெரிய காரியமாக நான் மதிக்கிறேன்.

1975-ல் நகரம் திவாலாகும் நிலைக்கு வந்தது. வங்கிகள் அதன் கடன்பத்திரத்தைத் தொட மறுத்தன. 1976 கோடையின் தொடக்கத்தில் சம்பளம் போடப் பணம் இல்லாமல் க்யூனி முழுவதும் இரண்டு வாரம் மூடப்பட்டது. அந்த இலையுதிர் பருவத்திலிருந்து கட்டணம் வந்தது. 1847 வாக்கெடுப்பில் பிறந்த இலவசப் படிப்பு 129 ஆண்டுகளோடு முடிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மாணவர் எண்ணிக்கை 60 ஆயிரத்துக்கும் மேல் குறைந்தது. நெருக்கடி பொய் என்று நான் சொல்லவில்லை. ஏழை மாணவருக்கு மாநில அரசின் உதவித்தொகை இருந்ததும் உண்மை. ஆனால் பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு மாலையில் ஒன்றிரண்டு பாடம் படித்த பகுதிநேர மாணவருக்கு அது எட்டவில்லை. என் மனதை அறுப்பது காலப் பொருத்தம். 1930-களின் பஞ்சத்தில் இலவசத்தைக் காப்பாற்றிய நகரம், வகுப்பில் கறுப்பு, பழுப்பு முகங்கள் நிறைந்து ஆறே ஆண்டில் அதைக் கைவிட்டது. பணமுடை இரண்டு முறையும் இருந்தது. முதல் முறை மேட்டில் ஏறி வந்த பிள்ளைகளை நகரம் தன் பிள்ளைகள் என்று எண்ணியது. இரண்டாம் முறை அந்த எண்ணம் தளர்ந்துபோயிருந்தது. ஒரு ஊர் எதற்குச் செலவிடுகிறது என்பதைக் கஜானா மட்டும் தீர்மானிப்பதில்லை. யாரைத் தன் வீட்டுப் பிள்ளையாக நினைக்கிறது என்பதும் தீர்மானிக்கிறது.

திறந்த கதவால் பயனில்லை என்றவர்களுக்குப் பதில் முப்பது ஆண்டு கழித்து வந்தது. 1970-களின் தொடக்கத்தில் அந்த ஏற்பாட்டில் சேர்ந்த பெண்களைப் பால் அட்வெல், டேவிட் லேவின் என்ற இரு ஆய்வாளர்கள் தேடிப்பிடித்துக் கேட்டார்கள். அவர்களில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு பட்டத்தை முடித்திருந்தார்கள். நான்கு வருடத்தில் அல்ல. பிள்ளை பெற்று, வேலைக்குப் போய், நின்று, திரும்பி வந்து முடித்திருந்தார்கள். அவர்கள் பிள்ளைகளும் நன்றாகப் படித்தார்கள். 2017-ல், தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பொருளியலாளர் ராஜ் செட்டியின் குழு வரிப் பதிவுகளைக் கொண்டு அமெரிக்கக் கல்லூரிகளை ஆராய்ந்தது. அந்தத் தரவின்படி, ஏழை வீட்டு மாணவர்களை நடுத்தர நிலைக்கும் அதற்கு மேலும் உயர்த்தியதில், ஹார்வர்டு உள்ளிட்ட எட்டு ஐவி லீக் பல்கலைக்கழகங்களோடு ஸ்டான்ஃபோர்டு, எம்.ஐ.டி., சிகாகோ, டியூக் எல்லாம் சேர்ந்து உயர்த்தியவர்களைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு பேரை க்யூனி உயர்த்தியிருந்தது.

நகரமும் முழுதாகக் கைகழுவவில்லை. நான்காண்டுக் கல்லூரிகளின் செலவை மாநிலம் ஏற்றுக்கொண்ட பிறகும், இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரிகளுக்கு நகரம் பணம் தருகிறது. 2007-ல் அந்தப் பணத்தில் ஒரு திட்டம் தொடங்கியது. உதவித்தொகை போக மிஞ்சும் கட்டணத்தை அது ஏற்கும். பாடப்புத்தகச் செலவுக்கு உதவும். ஒவ்வொரு மாணவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு விசாரிக்கும் ஆலோசகர் இருப்பார். மாதாமாதம் சுரங்க ரயிலுக்கும் பேருந்துக்கும் மெட்ரோ கார்டும் கிடைத்துவந்தது. கார்டு வாங்க ஆலோசகரைப் பார்க்க வர வேண்டியிருந்தது. வந்தபோது பிரச்சினையைச் சொல்ல வாய் திறந்தது. குலுக்கல் முறையில் மாணவர்களைப் பிரித்து நடத்திய ஆய்வில், திட்டத்துக்கு வெளியே இருந்தவர்களில் மூன்றாண்டுக்குள் பட்டம் முடித்தவர்கள் 22 விழுக்காடு. உள்ளே இருந்தவர்களில் 40 விழுக்காடு. படிப்பை நடுவில் விட்டவர்களுக்கு அறிவு குறைவு என்று பேசியவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இன்று க்யூனியில் இருபதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள், 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். நான்காண்டுக் கல்லூரிகளில் மாநிலவாசிகளுக்கு ஆண்டுக் கட்டணம் 6,930 டாலர். உதவித்தொகையால் பலர் கையிலிருந்து எதுவும் கட்டுவதில்லை; ஆனால் அதற்கு விண்ணப்பிக்கத் தெரிய வேண்டும், வருமானத்தைக் காட்டி ஏழை என்று நிரூபிக்க வேண்டும். எலியன் 15 வயதில் ஹண்டர் கல்லூரிக்குள் போனபோது யாரும் அவரிடம் அப்பாவின் வருமானத்தைக் கேட்கவில்லை. 1976-ல் வந்த கட்டணத்தை நகரம் மீண்டதும் எடுத்திருக்கலாம். நகரம் மீண்டு பல காலம் ஆகிவிட்டது. அந்தக் கட்டணத்தை நீக்க வேண்டும். நியூயார்க் நகரமும் மாநிலமும் சேர்ந்து இதைச் செய்ய முடியும். அவர்களைவிட எளியவர்கள் 1847-ல் செய்து காட்டியிருக்கிறார்கள்.