திடீர்ப் பயணம் யாருக்கு?

தோழிகள் நால்வர் வெள்ளிக்கிழமை மாலை முடிவெடுத்து, சனிக்கிழமை விடியலில் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குக் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். திடீர் முடிவுதான். ஆனால் அந்த ஓர் இரவுக்குள் மாவு அரைத்து ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். மாமியாரின் மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரிக்க வேண்டும். பிள்ளையின் டியூஷன் நேரத்தை எழுதி ஒட்ட வேண்டும். அதே வீட்டு ஆண் கிளம்புவதற்கு வண்டிச் சாவி போதும்.

இந்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லா வீட்டுவேலை செய்வோரில் பெண் அதற்குச் செலவிட்டது நாளொன்றுக்கு 299 நிமிடம்; ஆண் 97.

நாம் இல்லாத இரண்டு நாளும் அந்த வேலை யார் தலையில் விழுகிறது? பெரும்பாலும் அம்மா, மூத்த மகள், வேலைக்கு வரும் அக்கா. ஒரு பெண்ணின் ஓய்வு இன்னொரு பெண்ணின் கூடுதல் வேலையானால், அதை விடுதலை என்று சொல்லலாமா?

அதற்காகப் போகாமல் இருப்பதும் விடையல்ல. நம் தியாகத்தால் எந்தப் பெண்ணின் சுமையும் குறைந்ததில்லை. மாவு அரைக்காமல் கிளம்புவோம். அக்காவுக்கும் அந்த இரண்டு நாள் சம்பளத்தோடு விடுமுறை கொடுப்போம். வீட்டிலிருக்கும் ஆண் சமைக்கட்டும். திரும்பி வரும்போது தொட்டியில் பாத்திரம் கிடந்தால், கிடக்கட்டும், போட்டவர் கழுவட்டும்.