பயனிலை இல்லாத கோடுகள்

தன் எண்ணங்களைத் தானே கண்ணால் பார்க்க வேண்டும் என்று மனிதன் ஆசைப்படுவது இன்று நேற்று வந்ததன்று. எண்ணத்துக்கு உருவம் இல்லை, நிறம் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக வந்து, நாம் பிடிப்பதற்குள் நழுவிப் போய்விடுகிறது. அதை ஒரு தாளில் பரப்பிக் கிளை பிரித்து, இதற்கு இது தாய், அதற்கு இது சேய் என்று காட்டிவிட்டால் மனத்துக்கு ஒரு நிம்மதி பிறக்கிறது. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த போர்ஃபிரி என்னும் தத்துவ ஆசிரியரின் பெயரால் வழங்கும் மரம் ஒன்று உண்டு. பொருள் என்று தொடங்கி, உடலுள்ளது உடலற்றது, உயிருள்ளது உயிரற்றது என்று இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டே போய் மனிதனில் வந்து முடிவது அது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுக் காலம் மாணவர்கள் அந்த மரத்தைப் பார்த்துத்தான் தருக்கம் பயின்றார்கள்.

நம் காலத்தில் அந்த மரம் கணிப்பொறியின் திரைக்குள் வந்து முளைத்திருக்கிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த டோனி புசான் என்பவர் 1974இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் நடத்திய தொடரின் வழியாகவும், தாம் எழுதிய புத்தகங்களின் வழியாகவும் ‘மைண்ட் மேப்’ என்ற முறையை உலகெங்கும் பரப்பினார். 2019இல் மறைந்த அவர் வகுத்த விதிகள் எளியவை. தாளின் நடுவில் ஒரு படம். அதிலிருந்து வளைந்து செல்லும் கிளைகள். கிளைகளுக்கு வெவ்வேறு நிறம். ஒரு கோட்டின் மேல் ஒரே ஒரு சொல். தமிழில் இதை ‘மனவரைபடம்’ என்கிறோம். இதை வரைந்து தருவதற்கென்றே ஃபிரீமைண்ட், எக்ஸ்மைண்ட், மைண்ட்மேனேஜர் என்று மென்பொருள்கள் வந்துவிட்டன. ஒரு விசையைத் தட்டினால் கிளை முளைக்கிறது. இன்னொன்றைத் தட்டினால் மடிந்து மறைகிறது. ஒரு கிளையை அப்படியே பிடித்து இழுத்து வேறொரு கொம்பில் ஒட்டிவிடலாம். வியாபாரம் செய்கிறவர்களும் நிறுவனங்களை நடத்துகிறவர்களும் இதை விரும்பி வாங்குவதில் வியப்பு இல்லை.

இதன் பயனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கும் அது தெரியும். 40 அத்தியாயங்களில் எந்தப் பாத்திரம் எங்கே வருகிறது, யாரை 12ஆம் அத்தியாயத்துக்குப் பிறகு காணவே இல்லை என்பதையெல்லாம் ஒரே பார்வையில் காட்டிவிடும். பத்துப் பேர் கூடிப் பேசும் இடத்தில், எல்லோரும் சொன்னதைச் சிதறாமல் சேர்த்து வைக்கும். மறதிக்கு நல்ல மருந்து. குழப்பத்துக்கு நல்ல துடைப்பம்.

என் கேள்வி வேறு. எண்ணங்களை அடுக்கி வைப்பதும் எண்ணுவதும் ஒன்றுதானா? அடுக்கி முடித்ததும் உண்டாகும் நிம்மதி, ஒரு முடிவுக்குப் பொறுப்பேற்றுக்கொண்ட மனிதனுக்கு உண்டாகும் நிம்மதிதானா?

எனக்குத் தெரிந்த அன்பர் ஒருவர் சிறிய தொழிற்சாலை ஒன்று நடத்துகிறார். ஊரும் பெயரும் வேண்டாம். ஒரு நாள் அவர் தம் கணிப்பொறியில் வரைந்து வைத்திருந்த படத்தை எனக்குக் காட்டினார். நடுவில் ‘செலவுக் குறைப்பு’ என்று இருந்தது. அதிலிருந்து மின்சாரம், வாடகை, போக்குவரத்து, ஆட்கள் என்று நான்கு கிளைகள். ஆட்கள் என்ற கிளை பச்சை நிறம். அதன் நுனியில் ஒரு சிறு கொம்பு, ‘இரவுக் காவல் நீக்கம்’ என்று. பக்கத்தில் அழகாக ஒரு பூட்டின் படம்கூட ஒட்டியிருந்தார்.

“இந்தக் கொம்பை மட்டும் ஒரு வாக்கியமாகச் சொல்லுங்கள், பார்ப்போம்” என்றேன்.

“இரவுக் காவல் நீக்கம்.”

“அது வாக்கியம் ஆகவில்லையே?”

“சரி. இரவுக் காவல் நீக்கப்படும்.”

“யாரால்?”

“என்ன சார், இலக்கண வகுப்பு நடத்துகிறீர்கள்!” என்று சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு நீளவில்லை. சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்பா காலத்திலிருந்து வாசலில் இருக்கிற மனிதர். அவரை நான் வேலையை விட்டு அனுப்பப் போகிறேன்” என்றார்.

அனுப்பத்தான் அனுப்பினார். கணக்கு அப்படி இருந்தது; அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. மானேஜர் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்து முடித்துவிடலாம் என்று இருந்தவர், பெரியவரைத் தாமே கூப்பிட்டு உட்கார வைத்து, இரண்டு மாதத்துக்கு முன்னதாகவே சொன்னார். அவ்வளவுதான் மாறியது. அது சிறிய மாற்றம் என்று நான் நினைக்கவில்லை.

அந்தப் படம் எதை மறைத்தது? பொய் எதையும் அது சொல்லவில்லை. வினைமுற்றை மட்டும் விட்டுவிட்டது.

பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்த இலக்கணந்தான். எண், இடம், காலம், பால் இவற்றைக் காட்டாமல் தொழிலை மட்டும் உணர்த்துவது தொழிற்பெயர். நீக்கம், குறைப்பு, சீரமைப்பு, மேம்பாடு என்பவை எல்லாம் அந்த இனம். ‘நீக்கம்’ என்ற சொல்லைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். யார் நீக்கினார், எப்போது நீக்கினார், யாரை நீக்கினார் என்பதற்கு அதில் ஒரு தடயமும் கிடையாது. ‘நீக்கினேன்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘நான்’ என்ற எழுவாயை வெளியே விட்டுவிட்டாலும் தப்ப முடியாது. கடைசியில் நிற்கும் ‘ஏன்’ என்ற விகுதி ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். செய்தவன் தன் வினையின் வாலிலேயே கட்டுண்டு கிடப்பது நம் மொழியின் அமைப்பு. ஒரு கோட்டின் மேல் ஒரு சொல் என்ற விதியோ அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகிறது. படம் முழுவதும் பெயர்ச்சொற்கள் தொங்குகின்றன. இரண்டு பெயர்களுக்கு நடுவே ஒரு கோடு ஓடுகிறது. அந்தக் கோட்டுக்குக் ‘காரணமாக’ என்று பொருளா, ‘பிறகு’ என்று பொருளா, ‘பலி கொடுத்து’ என்று பொருளா? கோடு வாய் திறப்பதில்லை.

‘இதெல்லாம் எழுத்தாளரின் நுணுக்கம், வேலை செய்கிறவர்களுக்கு இதற்கு நேரம் ஏது?’ என்று சிலர் கேட்கலாம். வேலை செய்கிறவர்களின் உலகத்திலிருந்தே ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

2003ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் தேதி கொலம்பியா விண்வெளி ஓடம் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டது. புறப்பட்ட சுமார் 82 விநாடிகளில், வெளிப்புற எரிபொருள் கலத்திலிருந்து நுரைப்பொருள் துண்டு ஒன்று பெயர்ந்து வந்து இடச் சிறகில் மோதியது. ஓடம் விண்ணில் சுற்றிக்கொண்டிருந்தபோதே பொறியாளர்கள் சேதத்தை ஆராய்ந்து, முடிவுகளைத் திரையில் காட்டும் பக்கங்களாகத் தயாரித்து அதிகாரிகளுக்குக் காட்டினார்கள். அவற்றில் ஒரு பக்கம் பிற்பாடு பெயர் பெற்றுவிட்டது. மேலே ஆறுதல் தரும் தலைப்பு. அதன் கீழே பிரிவு, பிரிவுக்குள் உட்பிரிவு. எல்லாவற்றுக்கும் அடியில், சிறு குறிப்பாக ஒரு செய்தி: முன்பு சோதித்துப் பார்த்திருந்த துண்டின் கன அளவு 3 கன அங்குலம், இப்போது கணக்கில் எடுத்துக்கொண்ட துண்டின் அளவோ 1,920 கன அங்குலம். 640 மடங்கு! பிப்ரவரி 1ஆம் தேதி பூமிக்குத் திரும்பும் வழியில் ஓடம் சிதறியது. கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் மாண்டார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த விசாரணைக் குழுவின் அறிக்கை, எட்வர்ட் டஃப்டி என்ற பேராசிரியர் செய்த ஆய்வை எடுத்துக்காட்டி, அந்தப் பக்கத்தைத் தனியே கண்டித்தது.

அந்த ஒரு பக்கந்தான் ஏழு உயிர்களைக் கொண்டு போயிற்று என்று நான் சொல்லவில்லை. விசாரணைக் குழுவும் சொல்லவில்லை. அது மனவரைபடமும் அன்று, படிப்படியாக அடுக்கிய பட்டியல். ஆயினும் எலும்புக்கூடு ஒன்றே. எது அடிமரம், எது நுனிக்கொம்பு என்று முதலில் முடிவு கட்டிவிட்டு, பிறகு உண்மைகளைக் கொண்டு போய் அந்தந்த இடத்தில் மாட்டும் முறை. நுனியில் மாட்டியதைக் கண் நுனியாகவே பார்க்கிறது. ‘இவ்வளவு பெரிய துண்டை நாங்கள் சோதித்ததே இல்லை, ஆகவே ஓடம் பத்திரமாக இருக்கிறது என்று எங்களால் சொல்ல முடியாது’ என்று யாராவது முழு வாக்கியமாக எழுதியிருந்தால், அதை அடிக்குறிப்பின் இடத்தில் ஒளித்து வைத்திருக்க முடியுமா? அந்த வாக்கியமே எழுந்து நின்று தலைப்பைக் கேள்வி கேட்டிருக்கும்.

படம் வரைவதே தீது என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. சார்லஸ் டார்வின் 1837இல் தம் குறிப்பேட்டில் கிளை பிரியும் மரம் ஒன்றை வரைந்தார். உயிரினங்கள் ஒரே அடியிலிருந்து பிரிந்து வளர்ந்தன என்ற எண்ணத்தின் முதல் உருவங்களில் அது ஒன்று. அந்தப் படத்துக்கு மேலே ‘நான் நினைக்கிறேன்’ என்று பொருள்படும் இரண்டே ஆங்கிலச் சொற்களை எழுதி வைத்தார். எனக்கு மரத்தைவிட அந்த இரண்டு சொற்களே பெரியவையாகத் தோன்றுகின்றன. ஓர் எழுவாய், ஒரு பயனிலை! இது உலகம் தானாக வரைந்த படம் அன்று, என் கருத்து. தவறானால் என்னைக் கேளுங்கள் என்ற கையெழுத்து அது. அதன்பின் 22 ஆண்டுகள் கழித்து, 1859இல், அந்த எண்ணத்தை ஒரு நூலாக வெளியிட்டார். நூல் முழுவதிலும் இருப்பது ஒரே ஒரு வரைபடம். மற்றவை எல்லாம் வாக்கியங்கள்.

கோட்டைப் பேச வைத்தவர்களும் உண்டு. 1970களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் நோவாக் என்ற கல்வியாளர், ‘கருத்து வரைபடம்’ என்ற வேறொரு முறையை வகுத்தார். அதில் இரண்டு சொற்களைக் கோட்டால் இணைத்தால் மட்டும் போதாது. அந்தக் கோட்டின் மேல் உறவைச் சொல்லும் சொல்லையும் எழுத வேண்டும். ‘மழை’, ‘விளைச்சல்’ என்று இரண்டையும் எழுதிக் கோடு போட்டுவிட்டு எழுந்து போக முடியாது. மழை விளைச்சலைக் கூட்டுகிறதா, கெடுக்கிறதா? சொல்லியாக வேண்டும். சொல்லத் தொடங்கும்போதுதான் நமக்கு எவ்வளவு தெரியாது என்பது நமக்கே தெரியவரும். நம் பள்ளிகளிலும் பிள்ளைகளுக்கு மனவரைபடம் வரையக் கற்றுக்கொடுக்கும் நல்ல ஆசிரியர்கள் அதோடு விடுவதில்லை. வரைந்ததைத் தொகுத்துச் சொந்த நடையில் எழுதச் சொல்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்பதை, பத்துக் கோடி ரூபாய்க்கு முடிவெடுக்கிறவரிடமும் கேட்டால் என்ன?

கேட்ட முதலாளிகளும் இருக்கிறார்கள். அமேசான் நிறுவனத்தை நிறுவி நடத்திய ஜெஃப் பெசோஸ் 2004இல், உயர் அதிகாரிகளின் கூட்டங்களில் இனித் திரைப் பக்கங்கள் வேண்டாம், கட்டுரையாக எழுதிக்கொண்டு வாருங்கள் என்று உத்தரவிட்டார். ஆறு பக்கக் கட்டுரை. கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் மௌனமாக உட்கார்ந்து அதைப் படிக்க வேண்டும். வாக்கியமாக எழுதும்போது ஓட்டைகளை மறைப்பது கடினம் என்பதே அதன் உட்பொருள். ஆனால் வாக்கியம் எழுதிவிட்டால் மனிதருக்குக் கருணை பிறந்துவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம். அதே நிறுவனம் 2023இன் தொடக்கத்தில் 18,000 பேர், பிறகு 9,000 பேர் என்று 27,000 வேலைகளை நீக்குவதாக அறிவித்தது. கொடுமையான வாக்கியங்களும் உலகில் உண்டு. இலக்கணச் சுத்தமான அநியாயமும் உண்டு.

ஆகவே வாக்கியம் நம்மை நல்லவர்கள் ஆக்கும் என்று நான் வாதாட வரவில்லை. நாம் செய்வது இன்னதென்று நமக்குத் தெரியாமல் செய்யும் வசதியை அது பறித்துவிடும். அவ்வளவே அதன் தொண்டு. தீமை செய்கிறவர்களில் பெரும்பாலோர் தீமையை விரும்பிச் செய்கிறவர்கள் அல்லர். ஒரு கொம்பை மடித்து வைத்துவிட்டு வேறு கிளைக்குப் போகிறவர்களே அதிகம். மென்பொருளில் கிளையை மடிப்பதற்கு ஒரு தட்டு போதும். மனத்தில் மடிப்பதற்கு அதுவும் வேண்டியதில்லை.

மனவரைபடம் வரையும் அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே. தாராளமாக வரையுங்கள். எத்தனை நிறம் வேண்டுமானாலும் தீட்டுங்கள். வேலை முடிந்து திரையை அணைக்குமுன், எந்தக் கொம்பை வாய்விட்டுச் சொல்ல உங்களுக்கு மனம் வரவில்லையோ, அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஓர் எழுவாய், ஒரு செயப்படுபொருள், ஒரு பயனிலை கொடுத்து ஒரு வரி எழுதுங்கள். ‘படும்’ என்று முடிக்க வேண்டாம். ‘ஏன்’ என்று முடியட்டும். எழுதிய வரியைப் படித்த பிறகும் அதைச் செய்யத் துணிவு இருந்தால் செய்யுங்கள். அப்போது அது நீங்கள் செய்த காரியமாக இருக்கும்.