அடிபட்ட காரும் நனைந்த தானியமும்

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆசைப்படும் மாணவர்கள் நம் பொத்தேரியில் உண்டு. பானெட் போல்ட்டில் பெயிண்ட் உடைந்திருக்கிறதா, கதவு ரப்பரில் பெயிண்ட் தெறித்திருக்கிறதா, இரு பக்க இடுக்குகளும் ஒரே அளவா என்று பாருங்கள். இரும்புத் தகட்டில் காந்தம் ஒட்டாவிட்டால் அடியில் பட்டி தடிமனாக இருக்கும். (அலுமினியத்தில் எப்படியும் ஒட்டாது.)

சரி, "பார்த்துத்தானே வாங்கினாய்?" என்று விற்றவர் தப்பிக்க முடியுமா? நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள், விரல்கள் நனைந்தன. மழை பெய்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது.

நனைந்தது அவர் குற்றமல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய கார்களும் அப்படித்தான். பழுது பார்த்து விற்பது ஹலால். மறைத்து விற்பதுதான் ஹராம். பிறகு குறை தெரியவந்தால் வாங்கியவர் திருப்பிக் கொடுக்கலாம். ஃபிக்ஹில் இதற்குக் கியாருல் ஐப் என்று பெயர்.

டிங்கரிங் செய்தவரும் புரோக்கரும் என்ன செய்வது? வாஸிலா (ரலி) அவர்கள், ஒட்டகம் வாங்கிப் போனவரிடம் அதன் பாதத்தில் துளை இருப்பதைச் சொன்னார்கள். "என் வியாபாரத்தைக் கெடுக்கிறீரே" என்றார் விற்றவர். குறையை அறிந்த எவரும் அதைச் சொல்லாமலிருப்பது ஆகாது என்று நபியவர்களிடம் கேட்டதையே அவருக்குப் பதிலாகச் சொன்னார்கள்.