கைப்பட ஒரு கடிதம்



புதிய ஏற்பாட்டிலே அடங்கிய நூல்கள் 27. அவற்றுள் 21 கடிதங்களாகும். ஊர்விட்டு ஊர் இருப்போர் ஒருவருக்கொருவர் எழுதும் சாதாரண கடிதத்தைப் பரிசுத்த ஆவியானவர் தமது வார்த்தைக்கு வாகனமாகத் தெரிந்துகொண்டார். இது நாம் சிந்திக்கவேண்டிய காரியம்.

புனித சின்னப்பர் தம் கடிதங்களைச் சொல்லச் சொல்ல மற்றொருவர் எழுதுவது வழக்கம். உரோமையருக்குரிய கடிதத்தை எழுதிய தெர்த்தியு என்பவர், அதன் முடிவிலே தமது வாழ்த்தையும் சேர்த்திருக்கிறார். ஆனால் கடிதம் முடியும் வேளையில் சின்னப்பர் நாணற் பேனையைத் தம் கையில் வாங்கிக்கொள்வார். கொரிந்தியருக்கும், கொலோசையருக்கும், தெசலோனிக்கருக்கும் இறுதி வாழ்த்தைத் தாமே வரைந்தார். கலாத்தியருக்கு எழுதும்போது, தம்முடைய எழுத்து எவ்வளவு பெரிதாயிருக்கிறது பாருங்கள் என்று சுட்டிக்காட்டுகிறார். அந்த எழுத்தைக் கண்டதும், 'இது நம் தந்தையின் கை' என்று அந்தச் சபையார் அறிந்திருப்பார்கள் அல்லவா?

அவர் கைப்பட எழுதியவற்றுள் ஓரிடம் நம் நெஞ்சைத் தொடுவது. பிலமோனுக்கு எழுதிய கடிதம் 25 வசனங்களே கொண்டது. சிறையிலிருந்து எழுதியது. பிலமோனின் அடிமையாகிய ஒனேசிமு எசமானை விட்டுப் பிரிந்து, சின்னப்பரிடம் வந்து கிறிஸ்தவனானான். அவனைச் சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படி சின்னப்பர் மன்றாடுகிறார். அவன் ஏதும் நட்டம் செய்திருந்தால் அதைத் தம் கணக்கிலே எழுதும்படி கேட்டு, தாமே அதைத் தீர்ப்பதாகத் தம் கைப்பட உறுதி கொடுக்கிறார். பிறனுடைய கடனுக்குத் தம் கையெழுத்தைப் பிணையாக வைத்தார்!

இவ்வாறு செய்ய அவர் யாரிடம் கற்றார்? கொலோசையருக்கு எழுதிய கடிதத்தில், நமக்கு எதிராக நின்ற கடன் சீட்டை ஆண்டவர் அழித்துச் சிலுவையில் அறைந்தார் என்கிறார். மூலமொழியாகிய கிரேக்கத்தில் அங்கே நிற்கும் சொல்லுக்குக் 'கையெழுத்து' என்பதே பொருள். நம்மைக் குற்றஞ்சாட்டிய கையெழுத்தை, ஆணி துளைத்த கரம் அழித்தது.

நம் மக்களுக்கு நெருக்கமான புனித பிரான்சிஸ் சவேரியாரையும் பாருங்கள். அவர் அனுப்பியவர் மூலம் மன்னார் மக்கள் திருமுழுக்குப் பெற்று, விசுவாசத்துக்காக உயிர்கொடுத்த ஆண்டு 1544. அதே ஆண்டில் அவர் மணப்பாட்டிலும் புன்னைக்காயலிலும் இருந்து, தம்முடன் உழைத்த மன்சிலாஸ் என்பவருக்குக் கடிதத்தின்மேல் கடிதம் எழுதினார். மக்கள்மேல் பொறுமையாயிரும், அவர்களை நேசியும் என்று அவரைத் திரும்பத் திரும்பத் தேற்றினார். 1546ஆம் ஆண்டில் கீழ்த்திசைத் தீவாகிய அம்போனிலிருந்து தம் தோழர்களுக்கு ஒரு செய்தி அறிவித்தார். அவர்கள் அனுப்பிய கடிதங்களில் அவரவர் கைப்பட இட்ட பெயர்களை வெட்டியெடுத்து, தம் வார்த்தைப்பாட்டுடன் எப்போதும் உடலோடு வைத்திருப்பதாகச் சொன்னார். கடலும் ஆண்டுகளும் பிரித்த சகோதரரை, மைபட்ட சில காகிதத் துண்டுகள் அவருடைய நெஞ்சோடு சேர்த்து வைத்தன.

நம் வீடுகளிலும் இத்தகைய காகிதங்கள் உண்டு. போர் நடந்த ஆண்டுகளில் தொலைபேசி இல்லாத ஊர்களில், பிள்ளை உயிரோடிருக்கிறான் என்று தாய்க்குச் சொன்னது ஒரு கடிதமே. நீல நிற எயார்மெயில் தாளை மடிப்புத் தேயும்வரை வாசித்து, செபப்புத்தகத்துக்குள் வைத்த அம்மம்மாமார் எத்தனை பேர்! எழுத்தின் நடுக்கத்தைக் கொண்டே பிள்ளையின் சுகத்தையும் துக்கத்தையும் அவர்கள் அறிந்தார்கள். இன்று கைத்தொலைபேசியிலே கனடாவும் பிரான்சும் கணப்பொழுதில் வருகின்றன. அதைக் குறைகூற வேண்டியதில்லை. காகிதத்திலும் மையிலும் எழுதுவதைவிட முகமுகமாய்ப் பேசவே விரும்புவதாகப் புனித அருளப்பரும் எழுதினார். ஆனால் முகம்பார்த்துப் பேச மனம் வராத இடம் ஒன்று உண்டே, அதற்கு என்ன செய்வோம்?

காணி உறுதியிலே பக்கத்தில் பக்கத்தில் கையொப்பமிட்ட அண்ணனும் தங்கையும், எல்லைவேலி காரணமாகப் பல ஆண்டுகள் பேசாதிருக்கிறார்கள். வழக்குப் பத்திரத்திலே கையெழுத்து வைக்கத் தயங்காத கை, 'தங்கச்சி, சுகமா?' என்று இரண்டு வரி எழுதத் தயங்குகிறது. தொலைபேசி எடுத்தால் கோபம் முந்திக்கொள்ளும். பழைய கணக்கு முழுவதும் வெளியே வரும். கடிதமோ அப்படியன்று. எழுதும் கை ஆறுதலாகத்தான் நகரும். சுடுசொல்லை எழுதுமுன் யோசிக்கலாம். எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுக்கலாம். பெறுகிறவரும் முதல்நாள் கோபத்தில் மேசைமேல் போட்டாலும், மூன்றாம் நாள் எடுத்து வாசிக்கக் கூடும்.

அந்தக் கடிதத்துக்கு நல்ல தாளாகத் தேடுங்கள். கொப்பியில் கிழித்த ஒற்றை அவசரத்துக்கு உதவும். ஆனால் கோவிலுக்குப் போகும்போது தோய்த்த உடுப்பு உடுத்துவதுபோல, சுத்தமான தாளும் ஒழுங்கான உறையும் பெறுகிறவருக்கு நாம் செய்யும் மரியாதை. விலை முக்கியமல்ல. 'உனக்காக நேரம் ஒதுக்கினேன்' என்பதை அந்தத் தாளே சொல்லும்.

ஆகவே, அன்பான பெற்றோரே, இந்த ஞாயிறு மாலை செபமாலை முடிந்தபின் மேசையில் ஒரு தாளை வையுங்கள். பிள்ளைகள் தூரதேசத்துப் பெரியப்பாவுக்குத் தம் கைப்பட நாலு வரி எழுதட்டும். எழுத்து கோணலானாலும் திருத்தவேண்டாம். நீங்களோ, உங்களுக்கு யார் கடன்பட்டவர் என்று நினைக்கிறீர்களோ, அவருக்கே எழுதுங்கள். யார் பிழை என்று ஆராயவேண்டாம். சின்னப்பரைப்போல, நட்டத்தை உங்கள் கணக்கில் ஏற்றுக்கொள்ளுங்கள். அடியிலே உங்கள் பெயரை முழுமையாக எழுதுங்கள்.

நம்மையே கிறிஸ்துவின் கடிதம் என்றார் சின்னப்பர். மையினால் அல்ல, ஆவியானவரால் இருதயத்தில் எழுதப்பட்ட கடிதம் என்றார். அந்தக் கடிதம் நம் வீட்டு அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கலாகாது. நாளைக்கே அது தபாற்பெட்டியில் சேரட்டும்.